உதவி மேசை மென்பொருள்: தேர்வின் வரலாறு

உதவி மேசை மென்பொருள் என்பது ஒரு நிறுவனத்தில் கணினி பயன்படுத்துவோர் தெரிவிக்கும் குறைகளையும் கோரிக்கைகளையும் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, அது தீரும் வரை பின்தொடர உதவும் மென்பொருள் ஆகும். அவ்வாறு பதிவாகும் ஒவ்வொரு குறையும் டிக்கெட் எனப்படுகிறது. இன்று தகவல் தொழில்நுட்ப உதவிக் குழு ஒன்று இத்தகைய மென்பொருளைத் தேர்ந்தெடுக்க முற்பட்டால் அதன் முன் பல பெயர்கள் வந்து நிற்கின்றன. அவை தரும் வசதிகளின் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு வேறோர் இடத்தில் உள்ளது. ஆண்டுக்கணக்கில் சேரும் பதிவுகளை எவரிடம் ஒப்படைக்கிறோம், அவர் நாளை விலையையோ கொள்கையையோ மாற்றினால் என்ன செய்வோம் என்பதே அந்த இடம். இத்துறையின் ஏறத்தாழ நாற்பது ஆண்டு வரலாறு இதனைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

உதவி மேசையின் தோற்றம்

பெருங்கணினிகள் மட்டுமே இருந்த காலத்தில் கணினியைத் தொட்டவர்கள் அதை அறிந்தவர்களாகவே இருந்தனர். கணினி அறையில் பணிபுரிவோர் தமக்குள் குறிப்பேட்டில் எழுதிவைத்துப் பழுதுகளைச் சரிசெய்தனர். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தனிமேசைக் கணினி வெளிவந்த பின்னர் நிலைமை மாறியது. கணக்கர், தட்டச்சர், மேலாளர் என அனைவர் மேசைக்கும் கணினி வந்தது. அச்சுப்பொறி வேலை செய்யாதபோதும் கடவுச்சொல் மறந்தபோதும் யாரைக் கேட்பது என்ற வினா எழுந்தது.

தொடக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவரின் தொலைபேசி எண்ணே உதவி மேசையாக இருந்தது. அவர் விடுப்பில் சென்றால் உதவியும் நின்றது. ஒரே பழுதை மூவர் தனித்தனியே சொன்னாலும் அது ஒரே பழுதுதான் என்று தெரியவில்லை. சொல்லப்பட்ட குறை சரிசெய்யப்பட்டதா என்பதும் தெரியவில்லை. நிறுவனங்கள் ஒரு பொதுத் தொலைபேசி எண்ணை அமைத்து, வரும் அழைப்புகளைக் காகிதச் சீட்டில் எழுதிவைக்கத் தொடங்கின. சீட்டு தொலைந்தால் குறையும் தொலைந்தது. மின்னஞ்சல் பரவியபோது சீட்டின் இடத்தைப் பொது அஞ்சல் பெட்டி பிடித்தது. அதிலும் ஒரே கடிதத்துக்கு இருவர் பதில் எழுதுவதும், வேறொரு கடிதத்துக்கு எவருமே எழுதாமல் விடுவதும் நிகழ்ந்தன. இந்த இரு குறைகளைத் தீர்ப்பதற்காகவே உதவி மேசை மென்பொருள் பிறந்தது எனலாம்.

ஐடிஐஎல் வகுத்த சொற்கள்

1980களின் பிற்பகுதியில் பிரித்தானிய அரசின் மையக் கணினி, தொலைத்தொடர்பு முகமை அரசுத் துறைகளின் கணினிச் சேவையைச் சீராக்க நூல் வரிசை ஒன்றை வெளியிடத் தொடங்கியது. ஐடிஐஎல் என்று அழைக்கப்படும் அவ்வரிசையின் முதல் நூல்கள் 1989இல் வந்தன. உதவி மேசைக்கென்றே அவ்வரிசையில் ஒரு நூல் இருந்தது.

ஐடிஐஎல் எந்த மென்பொருளையும் பரிந்துரைக்கவில்லை. பணியை வகைப்படுத்தும் சொற்களையே அது தந்தது. மின்னஞ்சல் திடீரென நின்றுவிட்டால் அது இன்சிடென்ட் எனப்படும் தடங்கல். அதே தடங்கல் வாரந்தோறும் வருமானால் அதன் பின்னாலுள்ள மூலக் காரணம் பிராப்ளம். அதைச் சரிசெய்யக் கணினி அமைப்பில் கைவைப்பது சேஞ்ச் எனப்படும் மாற்றம். புதிய ஊழியருக்கு மடிக்கணினி கேட்பது பழுதே அன்று. அது சேவைக் கோரிக்கை.

இப்பகுப்பு எளிதாகத் தோன்றினாலும் மென்பொருள் தேர்வின் போக்கை மாற்றியது. அதுவரை எத்தனை அழைப்புகள் முடிக்கப்பட்டன என்று எண்ணிய குழுக்கள், ஏன் ஒரே அழைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது என்று கேட்கத் தொடங்கின. அந்த வினாவுக்கு விடை காண டிக்கெட்டுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் மென்பொருள் தேவைப்பட்டது. இம்முறை பின்னர் பிரித்தானியாவின் பிஎஸ் 15000 தரத்துக்கும், 2005இல் வெளிவந்த ஐஎஸ்ஓ/ஐஇசி 20000 என்ற பன்னாட்டுத் தரத்துக்கும் அடிப்படையாயிற்று. ஐடிஐஎல் முறைக்குப் பொருந்துகிறதா என்பது விற்பனையாளர்களைப் பார்த்துக் கேட்கப்படும் வழக்கமான கேள்வியானது.

இதில் ஒரு தீங்கும் விளைந்தது. மூன்று பேர் கொண்ட குழுக்களும் பெருநிறுவனங்களுக்கான பகுப்புகள் அனைத்தையும் தாங்கிய மென்பொருளை வாங்கின. ஒரு குறையைப் பதிவதற்குப் பல கட்டங்களை நிரப்ப வேண்டியிருந்ததால் ஊழியர்கள் பழையபடி தொலைபேசியையே எடுத்தனர்.

ரெமெடியின் எழுச்சியும் பெரெக்ரின் வீழ்ச்சியும்

1990இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட ரெமெடி நிறுவனம் ஆக்‌ஷன் ரிக்வெஸ்ட் சிஸ்டம் என்ற மென்பொருளை உருவாக்கியது. அதன் சிறப்பு வளைந்து கொடுக்கும் தன்மை. படிவங்களையும் பணி ஓட்ட விதிகளையும் வாங்கியவரே தமக்கு ஏற்றவாறு அமைத்துக்கொள்ளலாம். நிரல் எழுதத் தெரியாத நிர்வாகியும் புதிய கட்டங்களைச் சேர்க்க முடிந்தது. 1990களில் பெரிய நிறுவனங்களின் உதவி மேசைகளில் ரெமெடி பரவலாக இடம்பெற்றது.

அந்த நெகிழ்வே பின்னர் சுமையானது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டதால், புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அம்மாற்றங்களை மீண்டும் சோதித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. மாற்றங்களைச் செய்தவர் பணியை விட்டுச் சென்றால் அவற்றின் காரணம் எவருக்கும் தெரியாமல் போயிற்று.

2001இல் ரெமெடியை அதன் போட்டியாளரான பெரெக்ரின் சிஸ்டம்ஸ் நூறு கோடி டாலருக்கும் மேற்பட்ட விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே பெரெக்ரினின் கணக்குகளில் பெரும் முறைகேடு வெளிப்பட்டது. 2002 செப்டம்பரில் அது திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. ரெமெடியைப் பிஎம்சி சாஃப்ட்வேர் ஏறத்தாழ 35.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. எஞ்சிய பெரெக்ரினை 2005இல் எச்பி வாங்கியது.

ரெமெடியைத் தேர்ந்தெடுத்த குழுக்கள் தவறான மென்பொருளைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் ஈராண்டுக்குள் அவர்களின் மென்பொருள் மூன்று நிறுவனங்களின் கைகளுக்கு மாறியது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ஒருவர், பராமரிப்புக்குப் பொறுப்பானவர் மற்றொருவர் என்ற நிலை உருவானது. விற்பனையாளரின் நிதி நலமும் தேர்வின் ஒரு பகுதி என்பதை இத்துறை அப்போதுதான் கண்கூடாகக் கண்டது.

கட்டற்ற மென்பொருள்கள்

விலை உயர்ந்த மென்பொருள்களை வாங்க இயலாத பல்கலைக்கழகங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் வேறு வழியைக் கண்டன. 1996இல் ஜெஸ்ஸி வின்சென்ட் ரிக்வெஸ்ட் டிராக்கரின் முதல் பதிப்பை எழுதினார். ஆர்டி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இம்மென்பொருள் மின்னஞ்சலையே வாயிலாகக் கொண்டது. உதவி கேட்பவர் வழக்கம்போல் ஒரு கடிதம் அனுப்பினால் போதும். மென்பொருள் அதற்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைத் தலைப்பு வரியில் சேர்த்துப் பதில் அனுப்பும். அடுத்தடுத்து வரும் கடிதங்கள் அந்த எண்ணைக் கொண்டு ஒரே டிக்கெட்டில் சேர்ந்துகொள்ளும். கேட்பவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. இன்றைய மென்பொருள்கள் பலவற்றிலும் இந்த எளிய ஏற்பாட்டின் ஏதோ ஒரு வடிவம் உண்டு.

ஜெர்மனியில் மார்ட்டின் எடென்ஹோஃபர் 2001இல் ஓடிஆர்எஸ் மென்பொருளை வெளியிட்டார். பிரான்சில் 2003இல் தோன்றிய ஜிஎல்பிஐ, டிக்கெட்டுகளோடு கணினிகளின் இருப்புப் பட்டியலையும் இணைத்தது. எந்த மேசையில் எந்தக் கணினி உள்ளது, அது எப்போது வாங்கப்பட்டது என்பது டிக்கெட்டுடனேயே தெரிவதால் பள்ளிகளுக்கும் உள்ளாட்சி அலுவலகங்களுக்கும் அது ஏற்றதாக இருந்தது.

இவற்றுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் செலவு இல்லாமல் இல்லை. வழங்கியை நிறுவவும், பாதுகாப்புத் திருத்தங்களை இடவும், காப்புநகல் எடுக்கவும் ஒருவர் வேண்டும். அத்தகைய ஒருவர் உள்ள குழுவுக்கு இது சிக்கனம். இல்லாத குழுவுக்கு, வழங்கி பழுதாகும் நாளில் உதவி மேசைக்கே உதவி தேவைப்படும்.

உலாவிக்குள் வந்த உதவி மேசை

பெரெக்ரினின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலராக இருந்த ஃப்ரெட் லட்டி, அந்நிறுவனத்தின் வீழ்ச்சிக்குப் பின், ஐம்பது வயதை நெருங்கிய நிலையில், 2004இல் கிளைட்சாஃப்ட் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் சர்வீஸ்நவ் ஆயிற்று. மென்பொருளை வாங்குபவரின் வழங்கியில் நிறுவுவதற்கு மாறாக, தம் வழங்கியிலேயே வைத்து உலாவி வழியே சந்தாவுக்கு வழங்குவது அதன் முறை. 2012இல் நியூயார்க் பங்குச் சந்தையில் இடம்பெற்ற அது, பெருநிறுவனங்களிடையே ரெமெடியின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது.

சிறு குழுக்களின் பக்கமிருந்து வந்தது ஜென்டெஸ்க். 2007இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் மிக்கெல் ஸ்வானே, அலெக்சாண்டர் அகாசிபூர், மார்ட்டன் பிரிம்டால் ஆகிய மூவர் அதனைத் தொடங்கினர். விற்பனைப் பிரதிநிதியைச் சந்திக்காமலேயே இணையத்தில் பதிவு செய்து, பதில் அளிக்கும் ஊழியர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று கட்டிப் பயன்படுத்தலாம். பெரிய முதலீட்டு ஒப்புதல் தேவைப்படாததால் குழுத் தலைவரே முடிவெடுக்க முடிந்தது.

மாதச் சந்தாவின் மறுபக்கம் 2010 மே மாதத்தில் தெரிந்தது. ஜென்டெஸ்க் புதிய கட்டணத் திட்டங்களை அறிவித்தபோது, பழைய வாடிக்கையாளர்கள் சிலருக்குக் கட்டணம் வெகுவாக உயரும் நிலை ஏற்பட்டது. கடும் எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களிலேயே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, ஏற்கெனவே இருந்தவர்களுக்குப் பழைய கட்டணமே தொடரும் என்று அறிவித்தது. நிறுவனம் சரிசெய்துகொண்டாலும், ஒரு முறை வாங்கிய பொருளுக்கும் மாதந்தோறும் வாடகை கொடுக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் அந்த வாரத்தில்தான் உணர்ந்தனர்.

சென்னையின் பங்கு

இந்த நிகழ்ச்சியின் எதிரொலி சென்னையில் கேட்டது. சென்னையில் உதவி மேசை மென்பொருளுக்கு முன்பே ஒரு பின்னணி இருந்தது. 1996இல் தொடங்கிய அட்வென்ட்நெட், பின்னாளில் ஜோஹோ எனப் பெயர் மாறியது. அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு சர்வீஸ்டெஸ்க் பிளஸ் என்ற மென்பொருளை உருவாக்கி உலகெங்கும் விற்றுவந்தது. டிக்கெட்டுகளையும் கணினி இருப்பையும் ஒன்றாகக் கையாளும் அம்மென்பொருளைச் சொந்த வழங்கியில் நிறுவலாம். பின்னர் மேகக் கணிமை வடிவிலும் அது வந்தது.

அந்நிறுவனத்தில் பணியாற்றியவர் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த கிரிஷ் மாத்ருபூதம். அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அவருடைய தொலைக்காட்சிப் பெட்டி வழியில் உடைந்தது. காப்பீட்டுத் தொகை பெற அவர் பல மாதங்கள் அலைந்தும் பயனில்லை. இறுதியில் இணைய மன்றம் ஒன்றில் தம் அனுபவத்தை எழுதிய பிறகே தொகை கைக்கு வந்தது. வாடிக்கையாளரின் குரல் பொதுவெளிக்கு வந்துவிட்டது என்பதை அதில் கண்டதாக அவர் கூறியுள்ளார். ஜென்டெஸ்க் கட்டண உயர்வு பற்றிய விவாதத்தில், நியாயமான விலையில் வேறொரு மென்பொருளுக்கு இடம் இருக்கிறது என்ற கருத்தைப் படித்ததும் எண்ணம் உறுதியானது. 2010 அக்டோபரில் ஷான் கிருஷ்ணசாமியுடன் இணைந்து அவர் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். 2011இல் மென்பொருள் வெளிவந்தபோது அதன் முதல் வாடிக்கையாளராக வந்தது மேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள அட்வெல் கல்லூரி. நிறுவனங்களின் உள் தகவல் தொழில்நுட்பக் குழுக்களுக்கென ஃப்ரெஷ்சர்வீஸ் 2014இல் வந்தது. 2017இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறிய நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

வாடிக்கையாளர்களின் மனக்குறை ஒன்று புதிய போட்டியாளர் ஒருவரையே உருவாக்கியது என்பது இக்கதையின் சாரம்.

கொள்கை மாறிய ஆண்டுகள்

2020க்குப் பிந்தைய சில நிகழ்ச்சிகள் தேர்வின் பொருளை மேலும் தெளிவாக்கின. ஓடிஆர்எஸ் நிறுவனம் தன் கட்டற்ற சமூகப் பதிப்புக்கான ஆதரவை 2020 இறுதியில் நிறுத்தியது. ஆனால் மூல நிரல் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால் ஸ்னூனி என்ற பெயரில் மற்றவர்கள் அதைத் தொடர்ந்தனர். முதலில் எழுதிய எடென்ஹோஃபர் ஏற்கெனவே ஜமாட் என்ற வேறொரு கட்டற்ற மென்பொருளைத் தொடங்கியிருந்தார். பயன்படுத்தியவர்களுக்குச் செல்ல ஓரிடம் இருந்தது.

ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஜிரா, நிரலாளர்கள் பிழைகளைப் பதிவதற்கானது. அதையே பலர் உதவி மேசைக்கும் பயன்படுத்தியதால் 2013இல் ஜிரா சர்வீஸ் டெஸ்க் வந்தது. 2020 அக்டோபரில், சொந்த வழங்கியில் நிறுவும் சர்வர் பதிப்புகளுக்கு 2024 பிப்ரவரியில் ஆதரவு முடியும் என்று நிறுவனம் அறிவித்தது. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் மேகக் கணிமைக்கோ, பெருநிறுவனங்களுக்கான டேட்டா சென்டர் பதிப்புக்கோ, வேறு மென்பொருளுக்கோ மாற வேண்டியிருந்தது.

மேகமும் இடரற்றது அன்று. 2022 ஏப்ரல் 5 அன்று அட்லாசியன் பொறியாளர்கள் பழைய செயலி ஒன்றை நீக்க முற்பட்டபோது, செயலியின் அடையாள எண்களுக்குப் பதிலாக வாடிக்கையாளர் தளங்களின் எண்கள் தரப்பட்டுவிட்டன. ஏறத்தாழ 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன. கடைசித் தளம் மீட்கப்பட ஏப்ரல் 18 ஆயிற்று. தளத்தோடு வாடிக்கையாளரின் அடையாள விவரங்களும் அழிந்ததால், பாதிக்கப்பட்டோர் அட்லாசியனின் உதவிப் பிரிவில் வழக்கமான முறையில் டிக்கெட் பதியவும் இயலவில்லை என்று நிறுவனமே தன் ஆய்வறிக்கையில் ஒப்புக்கொண்டது. உதவி மேசை மென்பொருள் விற்பவரிடமே உதவி கேட்க வழியில்லாத நாள்கள் அவை.

வரலாறு தரும் அளவுகோல்கள்

மேற்கண்ட நிகழ்ச்சிகளிலிருந்து தேர்வுக்கான சில அளவுகோல்களைத் தொகுக்கலாம்.

1. முதலில் பணியை எண்ணுதல். ஒரு மாதத்தில் வரும் கோரிக்கைகள் எத்தனை, எவ்வழியாக வருகின்றன, எவை திரும்பத் திரும்ப வருகின்றன என்பதைச் சாதாரண விரிதாளில் குறித்துப் பார்ப்பது நன்று. மூவர் உள்ள குழுவுக்குப் பகுப்புகள் குறைந்த மென்பொருளே போதும்.

2. கேட்பவரின் எளிமை. மின்னஞ்சல் அனுப்பினாலே டிக்கெட் ஆக வேண்டும். நிரப்ப வேண்டிய கட்டங்கள் கூடும்போது பதிவுகள் குறையும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள அலுவலகங்கள், தமிழில் வரும் கடிதம் சிதையாமல் பதிவாகிறதா, தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

3. கட்டணத்தின் அலகு. 400 ஊழியர் கொண்ட அலுவலகத்துக்கு 6 பேர் உதவி செய்கின்றனர் என்று கொள்வோம். பதில் அளிப்போரின் எண்ணிக்கைப்படி கட்டணம் என்றால் 6ஆல் பெருக்க வேண்டும். அனைத்துப் பயனர்களின் எண்ணிக்கைப்படி என்றால் 400ஆல். அவ்வப்போது மட்டும் பதில் எழுதும் கணக்குப் பிரிவு அலுவலருக்கும் முழுக் கட்டணமா என்று கேட்டறிவது அவசியம். மூன்றாண்டுச் செலவைக் கணக்கிட்டால் உண்மை விலை தெரியும்.

4. வெளியேறும் வழி. பதிவுகள், உரையாடல்கள், இணைப்புக் கோப்புகள் ஆகிய அனைத்தையும் பொது வடிவில் இறக்கிக்கொள்ள முடிய வேண்டும். விற்பனையாளரின் வாக்குறுதி போதாது. சோதனைக் காலத்திலேயே ஐம்பது டிக்கெட்டுகளை இட்டு, அவற்றை இறக்கிப் பார்க்க வேண்டும்.

5. தரவு இருக்கும் இடம். டிக்கெட்டுகளில் ஊழியர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். சில வேளைகளில் கடவுச்சொல்லும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. தரவு எந்நாட்டில் வைக்கப்படுகிறது என்பது இப்போது சட்டம் சார்ந்த வினாவும் ஆகும்.

6. பயன்படுத்துவோரின் சோதனை. விலைப்புள்ளியை ஒப்பிடும் மேலாளருக்கும், நாள்தோறும் நாற்பது டிக்கெட்டுகளைத் திறந்து மூடும் ஊழியருக்கும் பார்வை வேறு. உண்மையான ஒரு வாரப் பணியை இரண்டு மென்பொருள்களில் செய்து பார்த்தவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

7. மாற்றங்களில் அடக்கம். ரெமெடி காலத்தின் பாடம் இது. மென்பொருளை மாற்றியமைக்கும்போது ஏன் மாற்றப்பட்டது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

முடிவுரை

காகிதச் சீட்டிலிருந்து உலாவி வரை கருவிகள் மாறியுள்ளன. ரெமெடியை வாங்கியவர்களும், ஜென்டெஸ்க்கில் பதிவு செய்தவர்களும், ஜிராவைத் தம் வழங்கியில் நிறுவியவர்களும் அந்தந்த நாளில் கிடைத்தவற்றுள் நல்லதையே எடுத்தனர். பின்னர் இடர் வந்தபோது அவர்களிடையே வேறுபாட்டை உண்டாக்கியது, பதிவுகளின் நகல் அவர்கள் கையில் இருந்ததா என்பதே. சென்ற ஆண்டு அச்சுப்பொறி எப்படிச் சரிசெய்யப்பட்டது, எந்த வழங்கி அடிக்கடி நின்றது, எவருடைய கோரிக்கை இன்னும் தீரவில்லை என்பவற்றின் தொகுப்பே அப்பதிவுகள். மென்பொருளைப் பத்தாண்டுகளில் இருமுறை மாற்ற நேரலாம். பதிவுகள் ஒவ்வொரு முறையும் உடன் வர வேண்டும். ஆகவே தேர்வுக் குழு விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சேர்வது எப்படி?" என்பதைவிட, "விலகும் நாளில் எங்கள் பதிவுகளை எப்படித் தருவீர்கள்?" என்பதாக இருப்பது நலம்.